அங்கதம்

அங்கதம் என்பது தனி ஒருவரின் அல்லது ஒரு சமூகத்தின் குறையை நகைப்பின் வழியாக வெளிப்படுத்தும் இலக்கிய, நிகழ்கலை உத்தி ஆகும். நகைச்சுவை, முரண்நகை, பகடி, எள்ளல் ஆகியவற்றோடு இது நெருங்கிய தொடர்புடையது. எனினும் சிரிப்பூட்டுவதோடு அங்கதம் நின்றுவிடுவதில்லை. ஒரு குறையைச் சுட்டி அதனைப் பழிக்கும் நோக்கம் அதற்கு உண்டு. தமிழில் அங்கதம் பற்றிய இலக்கண விளக்கம் தொல்காப்பியத்திலேயே காணப்படுகிறது. சங்கப் பாடல்கள், அற நூல்கள், தனிப்பாடல்கள், தெருக்கூத்து, மேடை நாடகம், சிறுகதை எனப் பல வடிவங்களில் இது தொடர்ந்து வந்துள்ளது. காஞ்சிபுரம் முதல் பழவேற்காடு வரை பரந்த தொண்டை மண்டலம் இம்மரபின் முக்கியமான சில சான்றுகளைக் கொண்டுள்ளது.

சொல்லும் பொருளும்

அங்கதம் என்னும் சொல்லுக்குத் தோளில் அணியும் அணிகலன் என்ற பொருளும் உண்டு. இலக்கணத்தில் அது வசைச் செய்யுளைக் குறிக்கும். தற்காலத் திறனாய்வில் இச்சொல்லோடு சேர்த்து வழங்கப்படும் சில சொற்களை வேறுபடுத்தி அறிதல் பயனுடையது.

நகைச்சுவை என்பது இவை அனைத்துக்கும் பொதுவான பெயர். குழந்தையின் மழலை கேட்டுச் சிரிப்பதும் நகைச்சுவையே. அங்கே பழிப்பு ஏதும் இல்லை.

முரண்நகை என்பது சொல்லப்படுவதற்கும் கருதப்படுவதற்கும், அல்லது எதிர்பார்க்கப்படுவதற்கும் நிகழ்வதற்கும் இடையே உள்ள முரணால் பிறப்பது. இது எப்போதும் சிரிப்பை உண்டாக்கும் என்பதில்லை. துயரத்தை மிகுவிக்கவும் கூடும்.

பகடி என்பது நன்கு அறியப்பட்ட ஒரு நூலின், நடையின் அல்லது மனிதரின் போக்கைப் பின்பற்றி, பொருளை மாற்றிவைத்து நகைப்பை உண்டாக்குவது.

அங்கதம் மேற்கூறியவற்றைக் கருவிகளாகக் கொள்ளும். பழிக்கப்படும் இலக்கு ஒன்று இருப்பதே அதன் அடையாளம்.

தொல்காப்பியத்தில் நகையும் அங்கதமும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. இவற்றுள் நகை முதலில் வைக்கப்பட்டுள்ளது. நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு கூறப்படுகின்றன. பேதைமையும் மடனும் ஒன்றுபோலத் தோன்றினும் வேறானவை. பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது பிறர் கற்பித்ததை ஆராயாமல் பற்றிக்கொண்டு விடாதிருத்தல். முன்னது அறிவு இல்லாத நிலை. பின்னது பெற்ற அறிவைப் பயன்படுத்தத் தெரியாத நிலை. இந்நான்கும் தன்னிடத்தும் பிறரிடத்தும் தோன்றும் என்று உரையாசிரியர் பேராசிரியர் விளக்குகிறார். எனவே ஒருவர் தம்மைத் தாமே எள்ளிக்கொள்வதும் நகைக்கு இடமாகிறது.

செய்யுளியலில் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, முதுசொல் ஆகியவற்றோடு அங்கதமும் ஒரு யாப்பு வகையாக எண்ணப்படுகிறது. அதனைத் தொல்காப்பியம் இரண்டாகப் பிரிக்கிறது:

செம்பொருள் அங்கதம்: வெளிப்படையாகப் பழிப்பது. இது வசை எனப்படும்.

பழிகரப்பு அங்கதம்: பழிப்பை மறைத்துவைத்துச் சொல்வது.

இரண்டாவது வகையில் கேட்பவருக்கும் ஒரு பங்கு உண்டு. சொற்களின் மேற்பொருளை விலக்கி உள்ளிருக்கும் பொருளைக் கண்டுபிடிக்க வேண்டியவர் அவரே. புகழ்வது போலப் பழித்தலும் பழிப்பது போலப் புகழ்தலும் பிற்கால அணி இலக்கணத்தில் வஞ்சப் புகழ்ச்சி எனப் பெயர் பெற்றன.

செயற்படும் முறை

அங்கதம் பலிப்பதற்குப் பொதுவாக மூன்று தேவைகள் உள்ளன.

முதலாவது, சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே ஓர் இடைவெளி. அந்த இடைவெளி மிகச் சிறிதானால் வெறும் வசையாகும். மிகப் பெரிதானால் எவருக்கும் விளங்காது.

இரண்டாவது, சொல்பவருக்கும் கேட்பவருக்கும் பொதுவான அறிவு. யார் எதற்காகப் பழிக்கப்படுகிறார் என்பதைக் கேட்பவர் முன்பே அறிந்திருக்க வேண்டும். ஓர் ஊரில் பெருஞ்சிரிப்பை எழுப்பும் பகடி அடுத்த ஊரில் அமைதியாகக் கேட்கப்படுவதற்கும், பழைய அங்கதப் பாடல்களுக்கு இன்று உரை தேவைப்படுவதற்கும் இதுவே காரணம்.

மூன்றாவது, சொல்பவருக்கும் பழிக்கப்படுபவருக்கும் இடையே உள்ள நிலை வேறுபாடு. வலியவரை நோக்கி எளியவர் மறைபொருளில் பேசுவது தம்மைக் காத்துக்கொள்ளும் வழியும் ஆகும். சினம் எழுந்தால், தாம் புகழ்ந்ததாகவே அவர் கூறிக்கொள்ளலாம்.

இலக்கியத்தில்

தொண்டைமானின் படைக்கலக் கொட்டில்

பழிகரப்பு அங்கதத்துக்கு மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு புறநானூற்றின் 95ஆம் பாடல் ஆகும். அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாருக்கு, அம்மன்னன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். ஔவையார் அக்கருவிகளின் அழகைப் பாடினார். அவை பீலி அணிந்து, மாலை சூட்டப்பெற்று, நெய் பூசப்பட்டு, காவலுடைய பெரிய மனையில் இருந்தன. அஞ்சியின் வேல்களோ பகைவரைக் குத்தியதால் நுனி முறிந்து எப்போதும் கொல்லனின் சிறு பட்டறையில் கிடப்பதாகக் கூறினார். மேலோட்டமாகக் கேட்டால் தொண்டைமானுக்குப் புகழ், அஞ்சிக்குக் குறை. உட்பொருளில், தொண்டைமானின் படை போர்க்களம் காணாதது என்பதும் அஞ்சியின் படை ஓய்வறியாதது என்பதும் பெறப்படும். போரைத் தவிர்க்கவேண்டிய தூதுச் சூழலில் வெளிப்படையான மிரட்டல் சினத்தைத் தூண்டியிருக்கும். மறைத்துச் சொன்ன எச்சரிக்கை மன்னனின் மதிப்பைக் கெடுக்காமலே அவனை எண்ணவைக்கக்கூடியது.

நெய்தல் நிலத்தின் மறுமொழி

நற்றிணையின் 45ஆம் பாடலில் மீனவர் மகளை விரும்பி வந்த செல்வன் ஒருவனைத் தோழி திருப்பி அனுப்புகிறாள். இவள் கடலில் மீன் பிடிக்கும் பரதவர் மகள். நீயோ கொடி பறக்கும் கடைத்தெருவுடைய பழைய ஊரில் தேர் ஓட்டும் செல்வரின் மகன் என்று தொடங்குகிறாள். சுறாவை அறுத்துக் காயவைத்துப் பறவைகளை ஓட்டிக்கொண்டிருக்கும் தங்களிடம் புலால் நாறும், எட்டி நிற்க வேண்டும் என்றும் கூறுகிறாள். இதுவரை தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் பேச்சாகவே தோன்றும் இப்பாடல் இறுதியில் திரும்புகிறது. தங்கள் சிறிய நல்ல வாழ்க்கை அவனோடு ஒவ்வாது. தங்களைப் போன்றோருள்ளும் தலைமை உடையவர் உண்டு என்கிறாள். இழிவாகக் கருதப்படும் புலால் நாற்றமே இங்கு பெருமிதத்தின் காவலாகிறது. அவன் மனத்தில் உள்ள ஏளனத்தை அவளே முந்திச் சொல்லிவிடுவதால், அவனுக்குச் சொல்ல எதுவும் எஞ்சுவதில்லை. தன்னை எள்ளும் நகை எளியோரின் தற்காப்பாகச் செயற்படும் முறைக்கு இது தெளிவான சான்று எனலாம்.

அற நூலும் தனிப்பாடலும்

திருக்குறளின் கயமை என்னும் 108ஆம் அதிகாரம் முழுவதும் எள்ளல் தொனி கொண்டது. கயவர் தேவரை ஒத்தவர், ஏனெனில் இருவருமே தாம் விரும்பியதைச் செய்து ஒழுகுவர் என்ற கருத்தமைந்த குறள் (1073) வஞ்சப் புகழ்ச்சிக்குப் பாடநூல்களில் காட்டப்படும் எடுத்துக்காட்டாகும். 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் காளமேகப் புலவர், ஒரே செய்யுளில் இரு பொருள் அமையப் பாடும் சிலேடைக்கும் வசைப் பாடல்களுக்கும் பெயர் பெற்றவர். தமிழின் புணர்ச்சி விதிகள் ஒரே ஒலித்தொடரைப் பலவாறாகப் பிரிக்க இடந்தருவது இவ்வகைப் பாடலுக்குத் துணைசெய்தது.

உரைநடை

இத்தாலியரான வீரமாமுனிவர் (1680–1747) எழுதிய பரமார்த்த குருவின் கதை தமிழின் முதல் உரைநடை அங்கத நூல்களுள் ஒன்று. குருவின் சீடர் ஐவர் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் எனப் பெயர் பெற்றுள்ளனர். ஆறு உறங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதிப்பதும், எண்ணுபவர் தம்மை விட்டுவிட்டு எண்ணி ஒருவரைக் காணோம் என்று அழுவதும் இதில் வரும் புகழ்பெற்ற நிகழ்ச்சிகள். தொல்காப்பியம் கூறிய பேதைமையும் மடனும் இங்கு கதைமாந்தராகவே உருவெடுத்துள்ளன.

20ஆம் நூற்றாண்டில் பாரதியார் எழுதி முற்றுப்பெறாத சின்னச் சங்கரன் கதையும், புதுமைப்பித்தனின் பொன்னகரம், கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் ஆகிய சிறுகதைகளும் குறிப்பிடத்தக்கவை. பொன்னகரம் என்னும் தலைப்பே முரண்நகை ஆகும். கதை காட்டுவது சென்னையின் ஏழைகள் வாழும் சந்துகளை. வறுமையை எண்ணிப்பாராமல் கற்பைப் பற்றிப் பேசுவோரே அதன் இலக்கு.

நிகழ்கலையில்

மத்தவிலாசப் பிரகசனம்

பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடமொழியிலும் பிராகிருதத்திலும் இயற்றிய எள்ளல் நாடகம் மத்தவிலாசப் பிரகசனம் ஆகும். இதன் களம் காஞ்சிபுரம். சத்தியசோமன் என்னும் காபாலிகன் தன் கையிலிருந்த மண்டையோட்டுப் பாத்திரத்தைத் தொலைத்துவிடுகிறான். அவனும் அவன் துணைவி தேவசோமையும் மது மயக்கத்தில் நாகசேனன் என்னும் பௌத்தத் துறவியைத் திருடன் என்று பிடித்துக்கொள்கின்றனர். பாசுபதன் ஒருவன் நடுவனாக வருகிறான். உண்மையில் பாத்திரத்தைக் கவ்விச் சென்றது ஒரு நாய். அதனிடமிருந்து பறித்த பித்தன் ஒருவனிடம் அது இறுதியில் கிடைக்கிறது.

காபாலிகன், பௌத்தன், பாசுபதன் என எவரும் எள்ளலுக்குத் தப்புவதில்லை. வழக்கு மன்றத்துக்குச் செல்லலாம் என்ற பேச்சு எழும்போது, விகாரையின் செல்வத்தைக் கொண்டு பௌத்தத் துறவி அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவார் என்று தேவசோமை கூறுகிறாள். அந்த மன்றத்துக்குத் தலைவனான மன்னனே இந்நாடகத்தின் ஆசிரியன் என்பது கருதத்தக்கது. மத்தவிலாசன் என்பதும் அம்மன்னனின் விருதுப்பெயர்களுள் ஒன்றாகும். கேரளத்தின் கூடியாட்ட மரபில் இந்நாடகம் தொடர்ந்து நடிக்கப்பட்டு வந்துள்ளது.

தெருக்கூத்தில் கட்டியங்காரன்

தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் திருவிழாக்களையொட்டி இரவு முழுவதும் தெருக்கூத்து நடைபெறுவது வழக்கம். கூத்தில் முதலில் தோன்றும் பாத்திரங்களுள் கட்டியங்காரன் முக்கியமானவன். கட்டியம் என்பது மன்னனின் பெருமைகளை உரத்துக் கூறுதல். அவ்வகையில் கட்டியங்காரன் புகழ் பாடுபவன். ஆனால் கூத்தில் அவன் செய்வது பெரும்பாலும் எள்ளலே. பெயரிலேயே ஒரு வஞ்சப் புகழ்ச்சி அமைந்த பாத்திரம் எனலாம்.

கட்டியங்காரனின் பணிகள் பல. திரைக்குப் பின் வந்து நிற்கும் மன்னனை யார் என்று வினவி அறிமுகம் செய்விப்பது, காவலனாகவும் ஏவலனாகவும் சிறு பாத்திரங்களாகவும் நடிப்பது, பாட்டின் பொருளைப் பேச்சுத் தமிழில் எடுத்துரைப்பது, வேடதாரிகள் ஓய்வெடுக்கும் நேரத்தில் அவையோரை விழித்திருக்கச் செய்வது ஆகியன அவற்றுள் சில. மன்னர் வேடங்கள் கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்து, பாட்டும் செந்தமிழ் வசனமுமாகப் பேசும். கட்டியங்காரனின் ஒப்பனை எளியது. அவன் பேச்சு ஊரின் பேச்சு. துரியோதனனின் அவையில் நின்றுகொண்டு உள்ளூர்ச் சாலையின் நிலையையோ விலைவாசியையோ பற்றி அவனால் பேச முடியும். காப்பியக் காலமும் நிகழ்காலமும் அவனிடத்தில் ஒன்றாகின்றன. மன்னன் அதட்டும்போது அவன் பணிந்துவிடுவான். ஆனால் சொல்லவேண்டியது சொல்லப்பட்டுவிட்டிருக்கும்.

துகிலுரிதல் போன்ற கடுமையான காட்சிகளில் இப்பாத்திரத்தின் இடம் மேலும் கூர்மையாகிறது. அவையோரிடையே அழுகையும் சாமியாடுதலும் நிகழக்கூடிய அக்கட்டத்தில் நகைப்பு இறுக்கத்தைத் தளர்த்துகிறது. அதே வேளையில், வாய்மூடி நிற்கும் பெரியோர் நடுவே நடப்பதன் கொடுமையைச் சுட்டவும் இடந்தருகிறது. 1977இல் ந. முத்துசாமி முதலியோரால் சென்னையில் தொடங்கப்பட்ட கூத்துப்பட்டறை, புரிசை கண்ணப்பத் தம்பிரான் போன்ற கூத்துக் கலைஞர்களோடு கொண்ட உறவின் வழியாக இம்மரபின் கூறுகள் நவீன நாடகத்துக்கும் வந்தன.

திரைப்படமும் மேடை நாடகமும்

நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணன் நல்லதம்பி (1949) திரைப்படத்தில் நிகழ்த்திய கிந்தனார் காலட்சேபம், நந்தனார் கதாகாலட்சேப வடிவத்தைப் பகடியாகக் கையாண்டு கல்வியின் இன்றியமையாமையை வலியுறுத்தியது. சோ ராமசாமியின் முகமது பின் துக்ளக் நாடகம் 1968இல் மேடையேறி 1971இல் திரைப்படமானது. இடைக்காலச் சுல்தான் ஒருவர் இக்காலத் தேர்தல் அரசியலில் நுழைவதாக அமைந்த இந்நாடகம் அரசியல் அங்கதத்துக்குப் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும்.

பழவேற்காடும் அங்கதத்தின் மொழிபெயர்ப்பும்

பழவேற்காடு, திருவள்ளூர் மாவட்டத்தில் அதே பெயருடைய உவர்நீர் ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே அமைந்துள்ள மீனவர் ஊர்களின் மையமாகும். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. தெருக்கூத்து வழங்கும் தொண்டை மண்டலத்தின் கடற்கரை ஓரமாகவும் இது உள்ளது. 1613இல் ஒல்லாந்தர் இங்கு கெல்திரியா கோட்டையைக் கட்டினர்.

1630களில் இங்கு ஒல்லாந்தரின் சமயகுருவாகப் பணியாற்றிய ஆபிரகாம் ரொஜேரியஸ், பத்மநாபன் என்னும் பிராமணரிடம் போர்த்துக்கேய மொழியில் உரையாடித் தென்னிந்திய வழக்கங்களைப் பற்றிக் குறிப்புகள் எழுதினார். அந்நூல் அவர் இறந்தபின் 1651இல் லைடன் நகரில் ஒல்லாந்த மொழியில் வெளிவந்தது. அதனுடன் பர்த்ருஹரியின் நீதி சதகம், வைராக்கிய சதகம் ஆகியவற்றின் உரைநடை மொழிபெயர்ப்பும் இணைக்கப்பட்டிருந்தது. ஐரோப்பிய மொழியொன்றில் அச்சேறிய முதல் வடமொழி இலக்கிய மொழிபெயர்ப்பாக இது கருதப்படுகிறது. ஜெர்மன் மொழியில் 1663இலும் பிரெஞ்சு மொழியில் 1670இலும் இந்நூல் பெயர்க்கப்பட்டது.

நீதி சதகத்தின் தொடக்கப் பகுதி மூடரைப் பற்றிய எள்ளலாகும். முதலையின் வாயிலிருந்து மணியை எடுத்தாலும், மணலைப் பிழிந்து எண்ணெய் பெற்றாலும், மூடனின் மனத்தை மட்டும் நிறைவுசெய்ய இயலாது என்பது அங்குள்ள ஒரு கருத்து. வடமொழிப் பாடல் ஒருவர் வாய்மொழியாகப் போர்த்துக்கேயத்துக்கும் அங்கிருந்து ஒல்லாந்த எழுத்துக்கும் சென்ற வழியில் யாப்பும் ஒலிநயமும் நீங்கிவிடுகின்றன. ஆனால் இயலாத செயல்களை அடுக்கி அவற்றினும் இயலாத ஒன்றைக் காட்டும் அமைப்பு நிலைத்துநிற்கக்கூடியது. சொல்லைச் சார்ந்த நகை மொழி மாறும்போது அழிவதும், நிலைமையைச் சார்ந்த நகை கடல் கடந்தும் பிழைப்பதும் இதனால் விளங்கும். காளமேகத்தின் சிலேடைகள் மொழிபெயர்ப்புக்கு அரியனவாக இருக்க, பரமார்த்த குருவின் சீடர்கள் ஆங்கிலத்தில் 1822இலேயே இலண்டனில் அச்சேறியதற்கும் இதுவே ஒரு காரணம் எனலாம்.

அதிகாரமும் தடையும்

அங்கதம் அரசுகளின் சினத்துக்கு ஆளானதற்குச் சட்ட வரலாற்றிலும் சான்றுகள் உள்ளன. 1876இல் கல்கத்தாவில் வேல்சு இளவரசரைத் தம் இல்லத்தில் வரவேற்ற வழக்கறிஞர் ஒருவரை எள்ளிய வங்காள நகை நாடகம் தடை செய்யப்பட்டது. அதனைத் தொடர்ந்து அதே ஆண்டில் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் பிரித்தானிய இந்திய அரசால் இயற்றப்பட்டது. அவதூறான அல்லது அரசுக்கு எதிரான நாடகங்களைத் தடுக்க அது அதிகாரம் அளித்தது.

விடுதலைக்குப் பின்னர், 1954இல் சென்னை மாநிலம் தனியாக ஒரு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தை இயற்றியது. எம். ஆர். ராதாவின் நாடகங்களைக் கருத்திற்கொண்டே இது கொண்டுவரப்பட்டது எனப் பரவலாகக் கருதப்படுகிறது. எழுத்தாளரும் நாடகக் கலைஞருமான ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் இச்சட்டத்தை அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. 1876ஆம் ஆண்டுச் சட்டமும் பின்னர் நாடாளுமன்றத்தால் நீக்கப்பட்டது.

நாடகப் பிரதியை முன்கூட்டியே ஒப்படைக்கக் கோரும் விதி எழுதப்பட்ட நாடகத்தைக் கட்டுப்படுத்தலாம். அன்றைய அவையைக் கண்டு அந்நேரத்தில் பேசும் கட்டியங்காரனின் பேச்சு எந்தப் பிரதியிலும் முழுமையாக இருப்பதில்லை. வாய்மொழி அங்கதத்தின் வலிமையும் அதன் நிலையாமையும் இதிலேயே அடங்கியுள்ளன.

விமர்சனங்கள்

அங்கதம் எப்போதும் எளியோரின் பக்கமே நிற்கும் என்று கூற இயலாது. உடற்குறை, நிறம், சாதி, பெண்களின் நடத்தை ஆகியவற்றைக் கேலி செய்யும் பகுதிகள் கூத்திலும் நாடகத்திலும் திரைப்படத்திலும் நெடுங்காலம் இடம்பெற்று வந்துள்ளன. அவ்விடங்களில் சிரிப்பு ஏற்கெனவே உள்ள ஏற்றத்தாழ்வை உறுதிப்படுத்துகிறது. திருவிழா நாளில் மட்டும் அனுமதிக்கப்படும் எள்ளல், மறுநாள் பழைய ஒழுங்கு மாறாமல் தொடர வழிசெய்யும் வடிகாலே என்ற கருத்தும் திறனாய்வாளரிடையே உண்டு. மாறாக, ஒருமுறை வெளிப்படையாகச் சொல்லப்பட்டு அவை முழுவதும் சிரித்துவிட்ட ஓர் உண்மையை யாரும் அறியாதது போல் மீண்டும் மூடிவைத்தல் அரிது என்று மறுப்பாரும் உளர்.

நற்றிணைத் தோழியின் பேச்சும் ஒரு மீனவப் பெண்ணை அவளது வாடையைச் சொல்லி எள்ளும் பேச்சும் ஏறத்தாழ ஒரே சொற்களால் அமையக்கூடியவை. யார் யாரை நோக்கிச் சொல்கிறார் என்பதே முன்னதைப் பெருமிதமாகவும் பின்னதை இழிவாகவும் ஆக்குகிறது. ஆகவே ஓர் அங்கதத்தை மதிப்பிடும்போது அதன் சொற்களோடு, அது பிறந்த இடத்தையும் அதன் இலக்கையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.